முதல் சால்டரிங் ஸ்டேஷன், முதல் சிப் புரோகிராமர்: எதற்கு எவ்வளவு பணம்?

ஜூன் 3 – பர்மாவின் மோல்மீனிலிருந்து ஒரு தம்பியின் கேள்வி

அண்ணே, மாமாவின் டிவி ரிப்பேர் கடையில் உட்கார ஆரம்பித்திருக்கிறேன். கடையில் இருப்பது நேராகப் பிளக்கில் சொருகும் 60 வாட் சால்டரிங் அயர்ன். அதை வைத்து ஐசி காலைத் தொட்டால் போர்டின் பேட் (கால் ஒட்டியிருக்கும் செம்புத் துண்டு) கையோடு வந்துவிடுகிறது. டிவி மென்பொருள், லேப்டாப் பயாஸ் (ஆன் ஆனதும் முதலில் ஓடும் மென்பொருள்) ஆகியவற்றைச் சிப்பில் எழுத ஒரு புரோகிராமரும் வேண்டும். யூடியூபில் ஒருவர் எல்லா சிப்பும் எழுதும் பெரிய புரோகிராமரை வாங்கு என்கிறார். இன்னொருவர் மலிவான கறுப்பு போர்டு போதும் என்கிறார். மூன்றாமவர் அந்தக் கறுப்பு போர்டு சிப்பைக் கொன்றுவிடும் என்கிறார். என்னிடம் இருக்கும் பணத்தில் ஒன்றை நல்லதாகவும் மற்றதைச் சுமாராகவும்தான் வாங்க முடியும். எதை நல்லதாக வாங்குவது?

ஜூன் 4, காலை

அயர்ன் நல்லதாக, புரோகிராமர் சுமாராக. காரணத்தை ராத்திரி எழுதுகிறேன். இப்போது கரண்ட் இருக்கிறது, மேசையில் வேலை கிடக்கிறது.

ஜூன் 4, இரவு

சுமாரான புரோகிராமர் படிக்க மறுக்கும், எழுத மறுக்கும், பாதியில் நிற்கும். வேறொன்றைக் கடன் வாங்கி மறுபடி முயலலாம். (உங்கள் மூன்றாமவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது, அதற்குத் தனியாக வருகிறேன்.) சுமாரான அயர்ன் போர்டிலிருந்து செம்பை உரித்துவிட்டால் எந்த மென்பொருளும் அதைத் திருப்பி ஒட்டாது.

60 வாட் என்பதால் பேட் வருகிறது என்று நினைக்காதீர்கள். வாட் என்பது எவ்வளவு வேகமாகச் சூடு ஏற்ற முடியும் என்பது மட்டும்தான். எங்கே நிறுத்துவது என்று அந்த அயர்னுக்குத் தெரியாது, அதில் சென்சார் கிடையாது. சும்மா ஸ்டாண்டில் கிடக்கும்போது ஏறிக்கொண்டே போகும், பெரிய தரைத் தளத்தை (போர்டில் கிரவுண்டுக்கான அகலமான செம்புப் பரப்பு) தொட்டதும் இறங்கிப்போகும். ஈயம் உருகவில்லையே என்று நாம் அழுத்துவோம், ஆட்டுவோம், பேட் வந்துவிடும். சென்சார் உள்ள 70 வாட் ஸ்டேஷன், சென்சார் இல்லாத 30 வாட் அயர்னைவிடப் போர்டுக்குப் பாதுகாப்பானது.

இன்று கைக்கு எட்டுகிற விலையில் மூன்று ஜாதி இருக்கிறது. முதலாவது ஹக்கோ 936-ஐப் பார்த்துச் செய்த நகல்கள். உள்ளே கனமான டிரான்ஸ்ஃபார்மர், 24 வோல்ட் ஹீட்டர், அதன்மேல் 900எம் வகை டிப் (முனை) தொப்பிபோல உட்காரும். டிப் மலிவு, எங்கும் கிடைக்கும். ஹீட்டருக்கும் டிப்புக்கும் நடுவில் காற்று இடைவெளி இருப்பதால் சூடு மெதுவாகத்தான் முனைக்கு வரும். இரண்டாவது டி12 வகை: ஹீட்டர், சென்சார், முனை எல்லாம் ஒரே குச்சிக்குள். சூடு போனால் உடனே திரும்பி வரும். மூன்றாவது பேனா மாதிரி கையில் பிடிக்கும் டிஎஸ்100, பைன்சில் போன்றவை. கட்டுப்பாட்டுச் சுற்று கைப்பிடிக்குள்ளேயே இருக்கிறது, வெளியே ஒரு அடாப்டர் போதும்.

வேறு ஊர்க்காரர் கேட்டால் டி12 வாங்கு என்று சொல்லி முடித்துவிடுவேன். நம் ஊருக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது.

ஜூன் 5

அவசரமாக ஒன்று. எது வாங்கினாலும் கூடவே வரும் ஊசி முனை டிப்பைக் கழற்றி டிராயரில் போடுங்கள். நுண்ணிய வேலைக்கு நுண்ணிய முனை என்று தோன்றும். ஆனால் தொடும் பரப்பு குறைவு, அதனால் சூடு இறங்காது. 2.4 மில்லிமீட்டர் உளி முனை (டி24 என்று போட்டிருக்கும்) ஒன்று, கத்தி முனை (கே) ஒன்று. கடையின் பெரும்பாலான வேலை இந்த இரண்டிலேயே போய்விடும்.

ஜூன் 7

நம் ஊர்க் கணக்கு. ரங்கூனில் முறை வைத்துத்தான் மின்சாரம் வருகிறது. மோல்மீனில் இதைவிட நன்றாக இருக்காது என்று நினைக்கிறேன். வந்தாலும் 230 வோல்ட் முழுசாக வருவதில்லை. மாலையில் எங்கள் தெருவில் மீட்டர் வைத்தால் 170 காட்டும். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள 936 நகலில் உள்ளே வருவது குறைந்தால் வெளியே போவதும் அதே விகிதத்தில் குறையும். வாட் என்பது வோல்ட்டின் வர்க்கத்தோடு போவது. 170-ஐ 230-ஆல் வகுத்து வர்க்கமாக்கினால் 0.55 வரும். அதாவது 50 வாட் அயர்ன் 27 வாட் அயர்னாக ஆகிவிட்டது. டிஸ்ப்ளேயில் 350 டிகிரி என்றே இருக்கும், தரைத் தளத்தைத் தொட்டவுடன் குட்டு வெளிப்படும்.

100-லிருந்து 240 வோல்ட் வரை ஏற்கும் ஸ்விட்சிங் அடாப்டர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. லேப்டாப் அடாப்டர் அந்த வகை. பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டர் ஒன்று உங்கள் மாமா கடையில் எங்காவது தூசியில் கிடக்கும். பேனா அயர்னும் சரி, டி12 கட்டுப்பாட்டு போர்டும் சரி, அதில் ஓடும்.

கரண்ட் இல்லாதபோது? சதுர அலை இன்வெர்ட்டரில் 936-ஐப் போட்டால் டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், சூடாகும். எனக்கு அந்தச் சத்தமே பிடிக்காது. பேட்டரியிலிருந்து நேராக எடுப்பதுதான் சரி. டிஎஸ்100 டிப்பின் தடை சுமார் 8 ஓம். 12 வோல்ட் கொடுத்தால் 18 வாட். 19 கொடுத்தால் 45. 24 கொடுத்தால் 72. 18 வாட்டில் ரெசிஸ்டர், சின்ன ஐசி எல்லாம் பற்றவைக்கலாம், பவர் சப்ளையின் தடித்த கால்களுக்கு நடக்காது. 12-ஐ 19 ஆக ஏற்றும் ஒரு பூஸ்ட் மாட்யூல் நடுவில் வைத்தால் தீர்ந்தது. பேட்டரியிலிருந்து 4, 5 ஆம்பியர் இழுக்கும், ஆகவே ஒயரைத் தடிமனாகப் போடுங்கள்.

ஆக, ஸ்டேஷன் என்று பெயர் போட்ட பெட்டியே வேண்டாம் என்று வந்து நிற்கிறேன். உங்கள் மேசைக்கு பேனா அயர்ன், ஒரு அடாப்டர், ஒரு பூஸ்ட் மாட்யூல்.

ஜூன் 8

பீகுவிலிருந்து ஒருவர்: "இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்தால் 24 வந்துவிடுமே, மாட்யூல் எதற்கு?" வேண்டாம். 24 என்பது பெயரளவுக்குத்தான். முழுதாக ஏறிய ஈய அமில பேட்டரி இரண்டு சேர்ந்தால் 25-ஐத் தாண்டும். சார்ஜ் ஆகும்போது 28-க்கும் மேல் போகும். பைன்சிலின் உச்சவரம்பு 24. சோலார் சார்ஜரை மாட்டியபடியே அயர்னையும் மாட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஜூன் 8, பிறகு

அடாப்டரைப் புகழ்ந்தேன், அதன் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். எர்த் இல்லாத அடாப்டர்களில் சத்தம் வடிகட்ட ஒரு சின்ன கெபாசிட்டர் இருக்கும். அதன் வழியாக அயர்ன் முனை தரையிலிருந்து எங்கேயோ மிதந்துகொண்டிருக்கும். புறங்கையால் தொட்டால் மெல்லிய குறுகுறுப்பு தெரியும். ஆளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் போர்டு வேறொரு ஒயர் வழியே கம்ப்யூட்டரோடு இணைந்திருந்தால் அந்த மின்னோட்டம் போர்டில் உள்ள மாஸ்ஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) வழியாகப் போகப் பார்க்கும். எங்கள் கட்டடம் மாதிரிப் பழைய கட்டடங்களில் சுவரில் மூன்று துளை இருக்கும், மூன்றாவதற்குப் பின்னால் ஒயர் இருக்காது. மீட்டர் வைத்துப் பார்த்தபின் நம்புங்கள்.

புரோகிராமர் யுஎஸ்பியில் மாட்டியிருக்கும்போது அதே போர்டில் அயர்ன் வைக்கக் கூடாது. டிஎஸ்100 மாதிரி பேனா அயர்ன்களில் எர்த் ஒயர் கட்ட ஒரு திருகு கொடுத்திருப்பார்கள், அதற்குத்தான். பேட்டரியில் ஓட்டும்போது இந்தத் தொல்லை கிடையாது. கரண்ட் போனதால் கிடைத்த ஒரே நன்மை என்று எழுதி வைத்துக்கொள்ளலாம்.

ஜூன் 12

பற்றவைக்கும் ஈயக் கம்பி. 63/37 (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம்) வாங்குங்கள். 183 டிகிரியில் ஒரே சமயத்தில் உருகும், ஒரே சமயத்தில் உறையும், நடுவில் களி நிலை இல்லை. 60/40 பரவாயில்லை. ஈயமற்றது 217-க்கு மேல்தான் உருகும், கற்றுக்கொள்கிற கைக்கு அது வேண்டாத கஷ்டம். ஐரோப்பியச் சட்டம் 2006 ஜூலையில் அமலுக்கு வந்தபின் செய்த டிவி போர்டுகள் பெரும்பாலும் ஈயமற்றவைதான். அவற்றைக் கழற்றும்போது முதலில் நம் ஈயத்தைக் கொஞ்சம் ஏற்றிக் கலந்துவிட்டால் உருகும் சூடு இறங்கும். உங்கள் பேட் பிரச்சினையில் பாதி இதிலேயே தீரும்.

ஃப்ளக்ஸுக்கு (உலோகத்தைச் சுத்தம் செய்து ஈயத்தை ஓடவைக்கும் பசை) தாராளமாகச் செலவு செய்யுங்கள். பிரபலமான பெயர் ஒட்டிய மலிவு டப்பாக்களில் போலி நிறைய. ரோசினை ஆல்கஹாலில் கரைத்து நாமே செய்தது அவற்றைவிட நன்றாக வேலை செய்யும். வேலை முடிந்ததும் துடைத்துவிடுங்கள். மே முதல் அக்டோபர் வரை நம் ஈரத்தில் எதை விட்டுவைத்தாலும் பச்சை பூத்துவிடும்.

கையைக் கழுவுங்கள். இதை எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் தெருவில் பாதி சயாக்கள் (ரிப்பேர் வாத்தியார்கள்) ஒரு கையில் ஈயக் கம்பி, மறு கையில் வெற்றிலைப் பொட்டலம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஈயம் புகையாகப் போவது மிகக் குறைவு. கையிலிருந்து வாய்க்குத்தான் போகிறது.

ஜூன் 15

சரி, கறுப்பு போர்டு. சிஎச்341ஏ என்பது அதன் நடுவில் இருக்கும் சிப்பின் பெயர். 24 வரிசை ஈஈப்ராம், 25 வரிசை ஃப்ளாஷ் (இரண்டும் கரண்ட் போனாலும் மறக்காத நினைவகச் சிப்புகள்) இரண்டையும் படிக்கும், எழுதும். டிவி மெயின் போர்டு, லேப்டாப் பயாஸ், ரவுட்டர் எல்லாவற்றிலும் எட்டுக்கால் பூச்சியாக உட்கார்ந்திருப்பது இந்த 25 வரிசைதான். ஆகவே உங்கள் கடைக்கு வேலையில் பெரும்பகுதியை இது பார்த்துக்கொள்ளும்.

மூன்றாமவர் சொன்னது என்னவென்றால், பழைய கறுப்பு போர்டில் சிப்புக்கு மின்சாரம் 3.3 வோல்ட்தான் போகிறது, ஆனால் டேட்டா கால்கள் 5 வோல்ட்டில் ஆடுகின்றன. வின்பாண்ட் டபிள்யூ25க்யூ64 மாதிரி சிப்பின் டேட்டாஷீட்டில், எந்தக் காலிலும் மின்சாரக் காலைவிட 0.4 வோல்ட்டுக்கு மேல் கூடக் கூடாது என்று இருக்கிறது. 3.3 கூட்டல் 0.4, ஆக 3.7 வரம்பு, நாம் கொடுப்பது 5. சிப் பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது, அதனால்தான் இரண்டாமவர் ஒன்றும் ஆகாது என்கிறார். ஆனால் சிப்பைக் கழற்றாமல், அதன் கால்களைக் கவ்வும் கிளிப் போட்டுப் படிக்கும்போது அதே கால்கள் மெயின் ப்ராசசருக்கும் போகின்றன. அது தாங்குமா என்று சோதிக்க வாடிக்கையாளரின் டிவியை நான் பயன்படுத்த மாட்டேன்.

வாங்குவதானால் வோல்ட் தேர்ந்தெடுக்கும் ஸ்விட்ச் உள்ள புதிய வடிவத்தை வாங்குங்கள், விலை வித்தியாசம் பெரிதில்லை. 1.8 வோல்ட் சிப்புகளுக்கும் அது உதவும். எது 1.8 என்று தெரிந்துகொள்வது சுலபம்: மேக்ரோனிக்ஸில் எம்எக்ஸ்25எல் என்றால் 3.3, எம்எக்ஸ்25யு என்றால் 1.8. கிகாடிவைஸில் ஜிடி25க்யூ 3.3, ஜிடி25எல்க்யூ 1.8. ஒரு எழுத்துதான் வித்தியாசம், பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள். புது போர்டு வந்ததும் எந்தச் சிப்பையும் மாட்டாமல் மீட்டரை வைத்து டேட்டா கால்களின் வோல்ட்டை அளந்து பாருங்கள். பெட்டியில் எழுதியிருப்பது ஒன்றும் கணக்கில்லை.

எழுதுவதற்கு முன் இருப்பதைப் படித்துச் சேமித்துவிடுங்கள். பிறகு கிளிப்பைக் கழற்றி மாட்டி மறுபடி படியுங்கள். இரண்டு கோப்பும் பைட் பைட்டாக ஒத்துப்போக வேண்டும். விண்டோஸில் ‘எஃப்சி /பி’, லினக்ஸில் ‘எம்டி5சம்’. லினக்ஸ் என்றால் ஃப்ளாஷ்ராம் மென்பொருள் இந்த போர்டை நேராக ஏற்கும். பழைய கோப்பைப் பத்திரமாக வைப்பது ஏன் என்றால், லேப்டாப் பயாஸில் சீரியல் எண்ணும் விண்டோஸ் சாவியும் உள்ளேயே இருக்கும். டிவியிலும் அந்தந்த டிவிக்கு உரிய சாவிகள் இருக்கும். இன்னொரு டிவியின் கோப்பை அப்படியே எழுதினால் டிவி ஓடலாம், எச்டிஎம்ஐ முரண்டு பிடிக்கலாம்.

ஜூன் 16

"என்னிடம் பழைய கறுப்பு போர்டு ஏற்கெனவே இருக்கிறதே, தூக்கி எறியவா?" என்று ஒருவர். வேண்டாம். சிஎச்341ஏ சிப்பின் 28-ஆம் காலை மட்டும் மெல்ல நிமிர்த்தி, 5 வோல்ட்டிலிருந்து விடுவித்து, 3.3 வோல்ட்டோடு ஒயர் போட்டு இணைப்பார்கள். 9-ஆம் காலும் அதே 3.3-ல் சேர வேண்டும். டேட்டா கால்களும் 3.3-க்கு இறங்கிவிடும். மிகச் சின்னக் கால், நல்ல அயர்ன் இல்லாமல் தொடாதீர்கள். எதை முதலில் வாங்குவது என்று இன்னும் சந்தேகம் இருந்தால் இதோ பதில்.

ஜூன் 22

மேமியோவிலிருந்து ஒரு பெரியவர் கோபமாக எழுதியிருக்கிறார்: பெரிய புரோகிராமர் வீண் என்று நான் சொல்லிவிட்டேனாம். அப்படிச் சொல்லவில்லை ஐயா, அந்தத் தம்பிக்கு இப்போது தேவையில்லை என்றேன். ஆனால் உங்கள் வேலை வேறு என்று புரிகிறது, அதனால் கொஞ்சம் விரிவாக.

எக்ஸ்ஜெகூவின் டிஎல்866 வரிசையும் அதன் பின் வந்த டி48-ம் கண்ணாடி ஜன்னல் வைத்த பழைய ஈப்ராம்களுக்கு (புறஊதா ஒளியால் அழிக்கும் நினைவகச் சிப்புகள்) பொருத்தமானவை. அவற்றை எழுத உயர்ந்த வோல்ட் வேண்டும். 27சி வரிசைக்கு 13 வோல்ட் அளவில் போதும், ஆதிகாலத்து 2716-க்கு 25 வேண்டும். டிஎல்866 இரண்டாம் பதிப்பு 18 வரைதான் போகும், டி48 25 வரை போகும். பழைய ஆலை இயந்திரத்தின் கட்டுப்பாட்டு போர்டு மாதிரி வேலை வந்தால் அந்த வித்தியாசத்துக்குப் பணம் கொடுக்கலாம்.

அழிக்க 253.7 நானோமீட்டர் புறஊதா விளக்கு, சுமார் 20 நிமிடம். வெயிலில் வைத்தால் அழியுமா என்று கேட்டிருந்தீர்கள். டேட்டாஷீட் கணக்குப்படி நேர் வெயிலில் ஒரு வாரம், டியூப் லைட்டின் கீழே 3 வருடம். ஜன்னல்மேல் ஸ்டிக்கர் ஒட்டுவது அதனால்தான். நம் மழைக்காலத்தில் வெயிலை நம்பி ஈப்ராமை மாடியில் வைத்தால் அது அழியாது, துருப்பிடிக்கும்.

ஜூன் 30

இன்வெர்ட்டர் போர்டு செய்கிறவர்கள் ஏட்மெகா8 என்ற மைக்ரோகண்ட்ரோலர் (சின்னக் கம்ப்யூட்டர் சிப்) பற்றிக் கேட்கிறார்கள். அதற்குக் கறுப்பு போர்டும் வேண்டாம், டி48-ம் வேண்டாம், யுஎஸ்பிஏஎஸ்பி என்று ஒரு சின்னக் குச்சி போதும். அதுவும் இல்லையென்றால் கையில் இருக்கும் ஆர்டுயினோவையே புரோகிராமராக மாற்றலாம். எஸ்டிஎம்32 வகை மைக்ரோகண்ட்ரோலர் என்றால் எஸ்டி-லிங்க் என்ற புரோகிராமர். யுஎஸ்பி துளை வைத்த இஎஸ்பி32 போர்டுக்கு யுஎஸ்பி ஒயரே போதும்.

ஆனால் ஏட்மெகா8 மாதிரி ஏவிஆர் சிப்பில் ஃப்யூஸ் பிட்டை (சிப்பின் அடிப்படை அமைப்பைச் சொல்லும் பிட்) தவறாக எழுதி, கடிகாரத் துடிப்பு தரும் இல்லாத கிரிஸ்டலைத் தேடும்படி விட்டுவிட்டால் யுஎஸ்பிஏஎஸ்பிக்கு அந்தச் சிப் செத்ததுதான். ஓடும் கடிகாரம் இல்லாமல் அதனால் பேச முடியாது. வெளியிலிருந்து கடிகாரத் துடிப்பு கொடுத்து எழுப்பலாம். இல்லையென்றால் சிப்பைக் கழற்றி டி48-ன் சாக்கெட்டில் வைத்து 12 வோல்ட் முறையில் எழுதினால் எழுந்து உட்காரும். ஆகவே ஜூன் 4 காலை எழுதியதில் ஒரு சின்ன மாற்றம்: தெருவுக்கு ஒரு டி48 இருந்தால் நல்லது. கடைக்கு ஒன்று வேண்டாம்.

மற்றவர் செய்த இன்வெர்ட்டரின் சிப்பை நகலெடுக்க முடியுமா என்ற கேள்விக்கு: பூட்டியிருந்தால் முடியாது, எந்தப் புரோகிராமரிலும். பெரும்பாலும் பூட்டித்தான் அனுப்புகிறார்கள்.

ஜூலை 9

தம்பி வாங்கிவிட்டார். பேனா அயர்ன், கத்தி முனை, ஸ்விட்ச் வைத்த சிஎச்341ஏ, கிளிப். தெய்ஞ்ஜீ சந்தைப் பக்கத்துக் கடை ஒன்றில் நானே நின்று பார்த்து, அவுங் மிங்கலார் பஸ் நிலையத்தில் பஸ்ஸில் போட்டு அனுப்பினேன். கடைக்காரர் அயர்னை 12 வோல்ட்டில் மாட்டிக் காட்டிவிட்டு, பாருங்கள் எவ்வளவு வேகம் என்றார். வேகம் ஒன்றும் இல்லை, 18 வாட்டுக்கு என்ன வேகம். அடாப்டரில் மாட்டச் சொன்னேன், அப்புறம்தான் பணம் கொடுத்தேன்.

கிளிப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். மலிவு கிளிப்பின் பல் சில தடவையிலேயே தளர்ந்துவிடும். முடிந்தால் இரண்டு வாங்குங்கள்.

ஜூலை 13

மோல்மீன் செய்தி: "அண்ணே, படித்தால் முழுக்க எஃப்எஃப் எஃப்எஃப் என்றே வருகிறது. சிப் காலியா?"

ஓடிக்கொண்டிருந்த டிவியின் சிப் காலியாக இருக்காது. கிளிப்பின் சிவப்பு ஒயர் முதல் காலில்தான் இருக்கிறதா, சிப்பின் மூலையில் உள்ள புள்ளியைப் பாருங்கள். போர்டில் 25 என்று போட்ட துளைகளில் மாட்டியிருக்கிறீர்களா, 24-லா? இரண்டும் சரியென்றால் கிளிப் மாட்டியபடி சிப்பின் 8-ஆம் காலில் வோல்ட் பாருங்கள். 3.3-க்குப் பதில் 2 அல்லது 2.5 காட்டினால் டிவி போர்டு முழுவதும் உங்கள் யுஎஸ்பியிலிருந்து மின்சாரம் குடிக்கிறது என்று அர்த்தம். சிப்பைக் கழற்றித்தான் படிக்க வேண்டும். முதலில் நம் ஈயத்தைக் கலந்து, ஃப்ளக்ஸ் போட்டு, கத்தி முனையால் நான்கு நான்கு கால்களாக மாறி மாறிச் சூடேற்றுங்கள். தூக்க வேண்டாம், தானாக நகரும்போது எடுங்கள்.

64 மெகாபிட் சிப் என்றால் கோப்பு 8,388,608 பைட் இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் மென்பொருளில் வேறு சிப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். அப்படியும் வரவில்லை என்றால் சிப்பின் மேல் இருக்கும் எழுத்தை மட்டும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். போன தடவை மாதிரி முழு மேசையையும் எடுத்தால் எனக்கு உங்கள் டீ கிளாஸ்தான் தெரிகிறது.